சொல்லறைக்கு வெளியே

விடிந்ததும் எண்ணூரில் ஆளுக்கொரு வேலை இருக்கும். தீராத நோய் உள்ளவர்களுக்கு முதல் வேலை நாட்சொல் சொல்வது. பால் வாங்கிக்கொண்டு, அப்படியே கடற்சுவரை ஒட்டியிருக்கும் சொல்லறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, முந்தைய நாள் எப்படிப் போயிற்று என்று தன் வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும். உள்ளே மனிதர் யாரும் இருக்கமாட்டார்கள். அரசாணையில் அதன் பெயர் செவிப்பொறி. ஊர் வாயில் அது வெறும் 'காது'.

பிலோமிக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்காது. செருப்பு வாரைக் குனிந்து மாட்டிவிட்டு, பால் பையையும் தானே தூக்கிக்கொண்டு, கணவன் சவரிமுத்து கூடவே வருவான்.

"காதுகிட்ட இன்னா சொல்லப் போற இன்னிக்கி?"

"எல்லாம் உன் வண்டவாளந்தான்."

"சொல்லு, சொல்லு. அதுவாச்சும் நீ பேசறத முழுசா கேக்கட்டும்."

வழக்கமாக இதற்கு அவள் சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

ஒரு காலத்தில் ரத்தப் பரிசோதனைதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. ரத்தத்தில் தெரியாத வலி வலியே இல்லை என்றார்கள். 'எங்களைக் கேளுங்கள்' என்று நோயாளிகள் தெருவில் இறங்கி வாங்கிய உரிமை இந்த நாட்சொல். காது கேட்டது. கேட்டதை வைத்து வலிமதிப்பு போட்டது. மதிப்பைப் பொறுத்து ஊசி வந்தது. பிலோமியின் மதிப்பு மட்டும் ஏனோ இறங்கிக்கொண்டே போனது. விரல் முட்டிகளோ வீங்கிக்கொண்டே வந்தன. நேற்று மாலை அவள் மணிக்கட்டுப் பட்டையில் ஒரு வாழ்த்து வந்திருந்தது. நீங்கள் நலமடைந்து வருகிறீர்கள். நாளைய நாட்சொல்லும் இப்படியே அமைந்தால் ஊசி நிறுத்தப்படும்.

சொல்லறைக்கு முன்னால் கட்டணம் கட்டுபவர்களுக்கு மெத்தை நாற்காலி, மற்றவர்களுக்குச் சிமெண்டு பெஞ்சு. நோய் ஒன்றுதான் என்பதால் கதவு மட்டும் பொது. மெத்தை நாற்காலியில் சுபாஷிணி உட்கார்ந்திருந்தாள். இயந்திரங்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவள்; இதே நோய்தான் அவளையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பட்டையைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"நேத்து என்ன சொன்னீங்க?"

"இன்னாத்த மேடம் சொல்றது? எதிர் வூட்டுக் கொழந்தைக்கு ஜுரம், அதச் சொன்னேன். அப்புறம் இவரு ராத்திரியே டப்பா மூடியெல்லாம் லூசா திருவி வச்சிருவாரு. கேட்டா, மூட மறந்துட்டேன்னு கத உடுவாரு. அதச் சொல்லிச் சிரிச்சேன்."

"சிரிச்சீங்களா!"

"சிரிப்பு வந்துச்சு."

சுபாஷிணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எங்கள மாதிரி ஆளுங்க பேச்ச வச்சுதான் அதுக்குப் பாடம் எடுத்தோம் பிலோமி. நாங்க வலின்னா 'நான்'ல ஆரம்பிச்சு 'நான்'லயே முடிப்போம். நீங்க எதிர் வீட்டப் பத்திப் பேசறீங்க. அடுத்தவங்களுக்காகக் கவலைப்படத் தெம்பு இருந்தா, உடம்பு தேறிடுச்சுன்னு அது எடுத்துக்கும். துணைக்கு ஆள் இருந்தா, ஊசி இல்லாமலே சமாளிப்பாங்கன்னு எடுத்துக்கும்."

"அப்போ நான் இன்னா சொல்லட்டும்?"

"உங்களைப் பத்தி மட்டும். அவரைச் சொல்லவே சொல்லாதீங்க."

"இல்லன்னு பொய் சொல்லணுமா?"

சுபாஷிணி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் தினமும் சொல்றது பொய் இல்ல. எங்க வீட்ல மூடி தொறக்க மிஷின் இருக்கு. வேற யாரும் இல்ல. அதனால எனக்கு அது சுலபமா வருது."

வாசலில் சவரிமுத்து செருப்பு வாரை அவிழ்த்துவிட, பிலோமி உள்ளே போனாள். உப்புக்காற்றில் ஊதிப்போன கதவு முழுதாகச் சாத்தவில்லை. வெளியே பால் பையோடு நிற்கும் சவரிமுத்துவின் நிழல் இடுக்கு வழியாகத் தரையில் விழுந்திருந்தது.

"நான் காலைல எழுந்தேன்" என்று தொடங்கினாள். "கை மடங்கல. அதுக்குள்ள இவரு வெந்நீர்..." நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். இந்த முறை எதிர் வீட்டுக் குழந்தை வந்துவிட்டது. தன்னை மட்டும் தனியே எடுத்து வைக்க அவளுக்குத் தெரியவில்லை. எங்கே தொட்டாலும் யாராவது ஒருவர் கூடவே வந்தார்கள்.

சுவரில் மஞ்சள் விளக்கு மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. ஊசி நின்றுபோனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக முடியாத கைகள் அவர்களுடையவை.

"எனக்கு யாருமில்ல" என்றாள்.

முதல் சொல் வெளியே வந்ததும் மீதி தானாக வந்தது. "மூடி தொறக்க முடியல. தொறந்து குடுக்க ஆள் இல்ல. பசியோட படுத்துட்டேன். நான் கத்தினாலும் ஏன்னு கேக்க நாதி இல்ல." அழுதாள். இதுவரை எந்த வலிக்கும் அவள் அப்படி அழுததில்லை.

விளக்கு பச்சையானது. தரையில் விழுந்திருந்த நிழல் அசையவில்லை.

"உங்கள் ஊசி தொடரும்" என்றது காது, கனிவாக. "நீங்கள் தனியாக வாழ்வதாகப் பதிவு செய்துகொண்டோம். கடற்சுவர் கேமராக்கள் இனி அதை உறுதி செய்துகொள்ளும். நாங்கள் இருக்கிறோம்."

அவள் கதவைத் திறந்தபோது பால் பை சிமெண்டு பெஞ்சின்மேல் இருந்தது. அவன் இல்லை. சுபாஷிணி கண்ணால் தெருப் பக்கம் காட்டினாள். சவரிமுத்து யாரோபோலச் சாலையில் முன்னே போய்க்கொண்டிருந்தான்.

பிலோமி பையை முழங்கையில் கோத்துக்கொண்டாள். செருப்பில் காலை நுழைத்தாள். வாரை மாட்ட விரல் வரவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு நடந்தாள். சுவரின் மேல் கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

முன்னே போனவன் விறுவிறுவென்று நடக்கிற ஆள். இப்போது ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தான். இடையில் நின்றான், கடலைப் பார்த்தான், பிறகு நகர்ந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே இருந்த தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எதிரே வந்த வலைக்காரர் ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சவரி, நட ஒரு மாரியா கீது? காலு வலியா?"

"ஆமாண்ணே" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல். "முட்டி புடிச்சுக்கிச்சு. மெதுவாத்தான் போணும்."

பின்னால் செருப்பு தேயும் சத்தம் ஒரு கணம் நின்றது. அவனும் நின்றான். சத்தம் மறுபடி தொடங்கும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.