டிரம்மைக் கலக்கியவர்

புழுக்காரி வந்து இறங்கியபோது வெயில் தாழவில்லை. அவள் கொண்டுவந்த சரக்குக்கு வெயில் ஆகவே ஆகாது. ஆகவே பசுமைக்குடிலின் வாசலில் குளிர்ப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்துவிட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பெட்டிக்குள் பாக்கெட் பாக்கெட்டாக, ஈரக் களிமண் போலக் கிடந்தவை, தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத நூற்புழுக்கள். பொழுது சாய்ந்தபின் தண்ணீரில் கலந்து ஊற்றினால் மண்ணுக்குள் இறங்கும். வேரைத் தின்று கொழுத்த வெள்ளைப்புழுக்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் உடம்புக்குள் நுழைந்து கதையை முடித்துவிடும். தோட்டம் தோட்டமாகப் போய் இதைச் செய்வதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். "புழுக்காரியக் கட்டிக்கிட்டவன் எதுக்கும் மூஞ்சியச் சுளிக்க முடியுமா" என்று அவள் புருஷன் சொல்லிச் சிரிப்பார்.

அவர் போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு மூச்சு நின்றதுகூடத் தெரியவில்லை.

இது இரண்டு ஆள் வேலை. கலக்காமல் விட்டால் புழுக்கள் டிரம்மின் அடியில் போய்ப் படிந்துவிடும். முதல் பாத்திக்கு வெறும் தண்ணீர் போகும், கடைசிப் பாத்திக்கு மொத்தப் புழுவும் போகும். அதனால் அவர் மரத்துடுப்பால் கலக்கிக்கொண்டே இருப்பார், அவள் பூவாளியில் மொண்டுபோய் ஊற்றுவாள். வாளி நிரம்பியதும் துடுப்பால் டிரம்மின் விளிம்பில் டக்டக்கென்று இரண்டு தட்டு தட்டுவார். போகலாம் என்று அர்த்தம். இத்தனை வருஷ வேலையில் அவர்களுக்குள் பேச்சே அவ்வளவுதான். அது போதுமாகவும் இருந்தது.

காலையில்தான் அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "ஒத்தையில கிடந்து எதுக்குடி அல்லாடற? எல்லாத்தயும் வித்துட்டு எங்கூட வந்து இரு."

"இந்த ஒரு இடத்தப் பாக்கறேன்க்கா. முடியலன்னா விட்டுடறேன்."

விட மனசில்லை. வீட்டில் அவருடைய சட்டையைக்கூட யார் யாரோ வாங்கிப்போய்விட்டார்கள். அவர் மிச்சமிருந்தது இந்த வேலையில் மட்டும்தான். இதையும் விட்டால் அவரையே கைகழுவினது போல ஆகிவிடும் என்று பயந்தாள்.

குடில்காரர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்சம் கூனல், பேசும்போது ஆளைப் பார்க்காமல் கதவையே பார்க்கிற மனிதர்.

"மருந்து வாடை மட்டும் உள்ள வரக்கூடாதும்மா. அதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

"இதுல மருந்தே கிடையாதுங்கய்யா. எல்லாம் உயிரு."

"இருட்டுல எப்படித் தேடிக் கண்டுபிடிக்கும்?"

"மண்ணுக்குள்ள இருந்தாலும் வெள்ளைப்புழு மூச்சு விடுமில்லிங்களா. அந்த மூச்சு வர்ற பக்கம் இதுங்க போயிரும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மூச்சு வர்ற பக்கமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, இருட்டியபின் தான் உள்ளே வருவதில்லை என்றும், ஏதாவது வேண்டுமானால் பம்ப் பக்கம் வந்து கூப்பிடலாம் என்றும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

குடிலுக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவு, நடுவில் ஆள் நிற்கிற அளவு இடம், அப்புறம் உள்கதவு. பூச்சி நுழையாமல் இருக்க ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்க வேண்டும். உள்ளே ரோஜாப் பாத்திகள் நீளநீளமாகக் கிடந்தன. பல செடிகள் வாடித் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக, யாரோ வாய் திறந்து முகத்துக்கு நேரே ஊதுவது போல இருந்தது.

கூடக் கொண்டுவந்திருந்த டிரம்மில் தண்ணீர் பிடித்துச் சரக்கைக் கரைத்தாள். ஒரு சொட்டை எடுத்து லென்ஸில் பார்த்தாள். எல்லாம் நெளிந்துகொண்டிருந்தன. துடுப்பை நாலு சுற்றுச் சுற்றி, வாளியை மொண்டு, தூரத்துப் பாத்திக்குக் கிட்டத்தட்ட ஓடினாள். அவள் திரும்புவதற்குள் புழு படியத் தொடங்கிவிடும்.

பாதிப் பாத்தி ஊற்றியிருப்பாள்.

களக்.

நின்றாள். கண்ணாடிக்கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தமாக இருக்கும்.

களக்... களக்... களக்...

மரம் தண்ணீரில் புரளும் சத்தம். அவசரமில்லாமல், பழகின கையாக.

அவள் செடிகளைத் தாண்டி டிரம்மிடம் வந்தபோது சத்தம் நின்றது. துடுப்பு ஓரமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு டார்ச்சில் பிடித்தாள். புழுக்கள் பால் கலங்கல் போல மேலும் கீழும் ஒரே சீராகப் பரவியிருந்தன. அவளே கலக்கியிருந்தால்கூட அப்படி வந்திருக்காது.

"ஏங்க" என்றாள் மெதுவாக.

இருட்டில் யாரோ மூச்சை இழுத்தார்கள். நெஞ்சில் எதுவோ அடைத்துக்கொண்ட மாதிரி, கஷ்டப்பட்டு இழுத்த நீளமான மூச்சு.

பயப்பட வேண்டிய இடம்தான். அவளோ வாளியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அவள் ஊற்றப் போகும்போதெல்லாம் கலக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தால் நின்றது. டிரம்மைச் சுற்றி அழுகின பூண்டு போல ஒரு நெடி வீசியது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. விளிம்பில் அந்த இரண்டு தட்டு மட்டும் கேட்கவே இல்லை. போன இடத்தில் மறந்திருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வேலை முடிந்தது. கிளம்பும்போது அவள் செய்யவே கூடாத ஒன்றைச் செய்தாள். இரண்டு கதவுகளையும் ஒருசேரத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

வெதுவெதுப்பான ஈரக்காற்று அவள் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது.

அதன்பின் வந்த நாட்களில் புழுக்காரியின் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. இரண்டு டம்ளரில் தேநீர் வைத்தாள். சமையலறைப் பக்கம் கரண்டி டம்ளருக்குள் சுழலும் சத்தம் கேட்டால், வேண்டுமென்றே எட்டிப் பார்க்காமல் இருந்தாள். ராத்திரியில் பக்கத்தில் கேட்ட மூச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அக்காவிடம், "நான் இங்கயே இருக்கேன்க்கா, துணை இருக்கு" என்றாள். அக்கா என்ன நினைத்துக்கொண்டாளோ, பேச்சை மாற்றிவிட்டாள்.

ஒன்றுதான் தொந்தரவு. சாத்தின கதவு எதுவும் சாத்தினபடி இருப்பதில்லை. வாசல் கதவு, பீரோ, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் விடிந்தால் ஆவென்று திறந்து கிடந்தன. குளிர் போய், லென்ஸில் பார்த்தால் மிச்சமிருந்த நூற்புழுக்கள் குச்சி போல விறைத்துச் செத்திருந்தன. புருஷன் இருந்தவரை ஒரு கதவையும் திறந்துபோட்டதில்லை. இருந்தும் அவள் அதை மனசில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலை பலித்ததா என்று பார்க்கத் திரும்பப் போனாள். பாத்தியைக் கிளறினால் வெள்ளைப்புழுக்கள் செங்கல் நிறத்தில் துவண்டு செத்துக் கிடந்தன. செடிகள் துளிர்விட்டிருந்தன. குடில்காரர் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே, அவள் பக்கத்திலேயே நின்றார்.

"நீங்க என்ன பண்ணீங்கன்னு தெரியல. அந்தச் சத்தம் நின்னுபோச்சும்மா."

"எந்தச் சத்தம்?"

அவர் டிரம் இருந்த இடத்தைப் பார்த்தார். "முன்ன இங்க புகைமருந்து போடுவோம், அழுகின பூண்டு மாதிரி நாறும். மருந்து கலக்க ஒருத்தன் இருந்தான், நல்ல வேலைக்காரன். எப்பப் பாரு டிரம்மு பக்கத்துலயே நிப்பான். ஒரு நாள் பாத்திக்குப் பின்னால படுத்துத் தூங்கிட்டான் போல. உள்ள ஆள் இருக்கறது தெரியாம நான்தான் கதவ வெளியில பூட்டுனேன். விடிஞ்சு திறந்தா கதவுகிட்டயே கிடந்தான். அதுலேருந்து பொழுது சாஞ்சா மூச்சு இழுக்குற சத்தம்." கதவின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீங்க ரெண்டு கதவையும் திறந்துவச்சுட்டு யார்கிட்டயோ பேசினீங்களே, பம்ப் பக்கத்துலேருந்து பாத்தேன். யாரும்மா அது?"

அவள் கையிலிருந்த மண்ணை உதறிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது புருஷனை இரண்டாவது தடவையாகப் பறிகொடுத்த துக்கம்தான். இத்தனை நாளாகத் தேநீர் வைத்தது யாருக்கு? பக்கத்தில் படுக்க இடம் விட்டது யாருக்கு?

பூட்டிவிட்டுப் போன வீடு அவள் வரும்போது விரியத் திறந்திருந்தது. பூண்டு நெடி வாசல்வரை வந்தது. அக்கா வீட்டுக்கே போய்விடலாம் என்று கால் சொன்னது. அவராகவே இருந்துவிட்டால் என்று மனசு கேட்டது. அவள் உள்ளே போனாள்.

பின்கட்டில், காலி டிரம்முக்குள் துடுப்பு சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமலேயே அதே சத்தம்.

களக்... களக்...

"யாரு?"

நின்றது.

"அவருன்னா தட்டுங்க." ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "ரெண்டு தட்டு. எப்பவும் தட்டுவீங்களே."

மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து, யோசிப்பது போல.

"அவரு இல்லன்னா போயிருங்க. கதவெல்லாம் திறந்துதான் இருக்கு. உங்கள யாரும் பூட்டல."

எதுவும் அசையவில்லை. அவள் வாசல் பக்கம் திரும்பினாள். அவர் இனி இல்லை என்று புரிந்துகொண்டுதான் திரும்பினாள்.

டக்.

அவள் நின்றாள்.

நெடுநேரம் எதுவும் இல்லை.

டக்.

அது அவர் தட்டல்ல. அவர் தட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு விழும். இது புதிதாகக் கற்றுக்கொள்கிறவனின் தட்டு. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கு அவள் அக்காவுக்குப் போன் செய்யவில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது இரண்டு தட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருந்தது.