இடப்பக்கத்துப் பாரம்

நேராகத்தான் நின்றார் கொத்தனார். ஆனாலும் இடுப்புப் பட்டை இடப்பக்கம் அதிர்ந்தது.

பக்கவாதம் வந்து ஆறு மாதம். எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் பட்டை கிர்ரென்று தொட்டுச் சொல்லும். உடனே எதிர்ப்பக்கம் நகர்ந்து நிமிர வேண்டும். "உங்க உடம்பு பொய் சொல்லும் ஐயா, பட்டையை நம்புங்க" என்று சொல்லியிருந்தாள், அதைக் கட்டிப் பயிற்சி தரும் பிசியோ. நாற்பது வருஷம் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் எழுப்பிய மனிதரை ஒரு பெல்ட் கோணல் என்று சொன்னால் ரோஷம் வராதா? வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நூலில் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மூக்கும் தொப்புளும் நூலோடு கச்சிதமாகப் பொருந்தின.

பட்டை மறுபடி அதிர்ந்தது.

"பழுதாயிருக்குமோ?"

"நேத்துதாம்ப்பா சரிபார்த்தாங்க" என்ற மகள், வலப்பக்கம் கை நீட்டியபடி நின்றாள்.

"தள்ளி நில்லு. பிடிக்காதே."

பிடித்தவள் போய்விட்டாள். பக்கவாதம் வந்த அன்று மாடிப்படியில் இடக்கால் துவண்டபோது தோள் கொடுத்தது மனைவிதான். அவர் மலை உடம்பு அப்படியே அவள் மேல் சரிந்தது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்குக் கழுத்து முறிந்தது. இனி யார் மேலும் விழாமல் தானாக நிற்க வேண்டும். அவர் கேட்பதெல்லாம் அவ்வளவுதான்.

மத்தியான வெயில் தரையில் கிடந்தது. மின்விசிறி கடகடத்துக்கொண்டிருக்க, மனைவி முழங்காலுக்குத் தேய்த்துவந்த தைலத்தின் வாசம் இடப்பக்கத்திலிருந்து மெல்ல வந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. அந்த நோய்க்குப் பிறகு அவருக்கு இடப்பக்கம் என்று ஒன்றே கிடையாது. தட்டில்கூட அந்தப் பாதிச் சோறு அப்படியே கிடக்கும். கண்ணாடியிலும் அந்தப் பாதி தெரியவில்லை.

சொல்லிக்கொடுத்தபடி வலப்பக்கம் நகர்ந்தார். அதிர்வு கூடியது. தவித்தது. கால் நழுவியவள் சட்டையைப் பற்றுவதுபோல் இடுப்பில் இறுகியது.

அவர் சாயவில்லை. அவர் மேல் யாரோ சாய்கிறார்கள்.

இன்னும் விழுந்துகொண்டிருக்கிறாள். ஆறு மாதமாக. தனியாக.

இன்னும் ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்தால் அவள் பிடி விட்டுப்போகும்.

"இந்தத் தடவை விடமாட்டேன்டி."

இடப்பக்கம் சாய்ந்தார். இன்னும் சாய்ந்தார். சுவராக இருந்தால் எப்போதோ இடிந்திருக்கும். அவர் விழவில்லை.

பட்டை அடங்கியது.

ஓடி வந்து தாங்க வேண்டிய மகள் பின்வாங்கினாள். அவள் கண் அவர் மேல் இல்லை. அவருக்கு இடப்பக்கத்தில் இருந்தது.

"அம்மா..." என்றாள். "ஏம்மா உன் தலை அப்படித் தொங்குது?"

மரத்துப்போன இடத்தோளில், பாரமாக, ஏதோ ஒன்று மெல்லச் சாய்ந்து படுத்தது.