நடைச்சான்று

வாக்குப்பதிவு நாளில் அந்த ஊரில் யாரும் புதுச் செருப்பு போடமாட்டார்கள். இடுப்பில் குழந்தை இருந்தால் வாசலிலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் சாவடிக்குள் போவார்கள். உள்ளே பன்னிரண்டு அடி நீளத்துக்கு உணர்தளம் விரித்திருக்கும். அதன்மேல் நடந்தால் போதும், ஆள் யாரென்று அது சொல்லிவிடும். அட்டையைத் திருடலாம், முகத்தைக்கூடப் போலியாகச் செய்யலாம், நடையைத் திருட முடியாது என்று சொல்லித்தான் நடைச்சான்றைக் கொண்டுவந்தார்கள்.

அஞ்சுகம் முதல் தடவை நடந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்குக்கா," என்றான் சாவடி அலுவலர் தயாளன். அவனும் அதே ஊர்க்காரன்தான். "பேசாம புது நடையப் பதிஞ்சிடுங்க. காரணச் சான்று மட்டும் வேணும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல வீட்டுல வழுக்கி விழுந்ததா இருக்கு. அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து போட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"நான் வழுக்கி விழல. ரேக் விழுந்துச்சு."

"எனக்குத் தெரியும்க்கா. மெஷினுக்குத் தெரியணுமே."

எட்டு மாதங்களுக்கு முன் சரக்குக் கிடங்கில் நாற்பதடி உயர ரேக் சரிந்தது. அஞ்சுகத்தின் வலது இடுப்பு நொறுங்கியது. பக்கத்தில் நின்ற புனிதா அங்கேயே செத்துப்போனாள். எந்த ரேக்கும் விழவில்லை, அஞ்சுகம் வீட்டில் வழுக்கி விழுந்தாள், புனிதாவுக்கு இதய நோய் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. ஒன்றியத் தலைவர் சாட்சிக் கையெழுத்து போட்டார். அந்த மனிதர்தான் இன்று மறுபடி தேர்தலில் நிற்கிறார்.

இரண்டாவது தடவையும் சிவப்பு. வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.  அஞ்சுகம் முந்தானையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டாள். ஸ்கேனரும் கையுமாக ரேக்குகளுக்கு நடுவே ஓடியாடிய காலத்தில் எப்படி நடந்தாளோ அப்படியே வலது காலில் முழுப் பாரத்தையும் போட்டு நடந்தாள். இடுப்புக்குள் எலும்போடு எலும்பு உரசியது அவள் காதுக்கே கேட்டது. பச்சை எரிந்தது.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து சுவரோரமாக வாந்தி எடுத்தாள். இரண்டு நாள் பாயைவிட்டு எழவில்லை.

மூன்றாவது வாரம் தொழிலாளர் தீர்ப்பாயத்தில், விபத்துக்காக அவள் போட்டிருந்த வழக்கில், நிறுவனத்தின் வக்கீல் அந்தப் பன்னிரண்டு அடி நடையைத் திரையில் ஓடவிட்டார். பழைய பதிவோடு தொண்ணூற்றாறு சதவீதம் பொருந்துகிறது என்று அரசு முத்திரையோடு சான்று.

"இது நீங்கதானேம்மா?" அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவளுடைய வழக்கறிஞர் ஹமீதா குனிந்து காதோடு சொன்னாள். "ஆமான்னா கால்ல ஒண்ணும் இல்லன்னு ஆயிடும்க்கா, கேஸ் போச்சு. இல்லைன்னா கள்ள ஓட்டு. ஆறு மாசம் உள்ள போகணும், பத்து வருஷத்துக்கு ஓட்டு கிடையாது."

பின்வரிசையில் புனிதாவின் புருஷன் ஏசுதாசன் உட்கார்ந்திருந்தான். சாவுச் சான்றிதழிலிருந்து 'இதய நோய்' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும், இத்தனை மாதத்தில் அவன் கேட்டது அது ஒன்றுதான்.

"அது நான் இல்லீங்க," என்றாள் அஞ்சுகம். "ரேக் விழுறதுக்கு முன்னாடி இருந்த அஞ்சுகத்தோட நடை. அவள மாதிரி நடந்து காட்டுனேன்."

நீதிபதி நிமிர்ந்தார். "ஆள்மாறாட்டம் பண்ணினதா ஒத்துக்கறீங்களா?"

"நான் நானா நடந்தா உள்ள விடல. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஒத்துக்கறேன். எழுதிக்கங்க."

அவளை அங்கேயே நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எலும்புப் படங்களை வாங்கிப் பார்த்தார்கள். ரேக் விழுந்தது உண்மை, புனிதா அதில் அடிபட்டுத்தான் இறந்தாள் என்று தீர்ப்பு வந்தது. ஏசுதாசன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் ஒத்துக்கொண்டதை வைத்துத் தொடுத்த தேர்தல் வழக்கும் அதே வாரம் முடிந்தது. அவளுடைய ஓட்டு செல்லாது, ஆறு மாதம் சிறை. தலைவர் ஏற்கெனவே ஜெயித்துப் பதவியேற்றிருந்தார்.

சிறை வாசலுக்குள் நுழைந்ததும் அங்கேயும் ஓர் உணர்தளம் கிடந்தது.

"அந்தக் கோட்டுலேர்ந்து இந்தக் கோடு வரைக்கும் நடங்கம்மா. நடைப்பதிவு," என்றாள் காவலர்.

"என் நடை மாறிப்போச்சு. காரணச் சான்று வேணாமா?"

"இங்க எதுக்குச் சான்று? இப்ப எப்படி நடக்கறீங்களோ அதான் பதிவு. ரெண்டு நிமிஷ வேலை."

அஞ்சுகம் அந்தத் தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். 

"காரணம் எழுதுங்க. கிடங்குல ரேக் விழுந்துச்சுன்னு எழுதுங்க. அப்புறம் நடக்கறேன்."

"அதுக்கு இதுல இடமே இல்லம்மா."

"இடம் பண்ணிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமே, வலது காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.