தேன்நிறச் சாடியின் குமிழி

கண்ணாடிக்குள் அகப்பட்ட காற்றுக்குமிழி நகராது. உருகிய குழம்பு இறுகிய கணத்தில் எங்கே நின்றதோ அங்கேயே, அறுபது ஆண்டானாலும் நூறு ஆண்டானாலும், அது நின்றாக வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு ஆண்டுகளாக வில்லைகளைச் சட்டத்தில் பொருத்திவரும் அவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், தான் சேர்த்துவைத்த பழங்கண்ணாடிப் பொருள்களுள், அலமாரியின் நடுத்தட்டிலிருந்த தேன்நிறச் சாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டு அதனைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள். முந்தின வாரம் அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் இருந்த குமிழி, இப்போது இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது.

கண்ணை நம்பலாகாது என்பது அவளுடைய தொழில் கற்பித்த முதற்பாடம். ஆகவே கைப்பையைத் திறந்து, வில்லையின் மையத்தைக் குறிக்கும் மெல்லிய பேனாவை எடுத்து, குமிழிக்கு நேரே சாடியின் வெளிப்புறத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு இடுக்கி அளவுகோலால் குமிழியின் அகலத்தை அளந்தாள். நான்கு மில்லிமீட்டர். தினசரித்தாளின் ஓரத்தில் அதைக் குறித்துவைத்தாள்.

"நாப்பத்தொரு பேரையும் குளிப்பாட்டியாச்சா?" என்று அடுத்த அறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

"இன்னும் பாதி இருக்குங்க."

"எனக்கு ஒரு சக்களத்தன் இருந்தாலே சமாளிக்க முடியாது. நாப்பத்தொண்ணு! அதுல பாதிக்குக் கழுத்து வேற இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் இருமினார். இருமலுக்குப் பின் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார். அவர் நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் நீளத்தை ஒரே மூச்சில் இருமுறை கடப்பவர் என்பதால் மாணவர்கள் அவருக்கு 'விரால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாளடைவில் தபால்காரர்கூட விரால் சார் என்றே அழைக்கலானார். அத்தகையவரை நுரையீரல் காய்ச்சல் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் படுக்கப்போட்டு, பாதி எடையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று நாள்தோறும் பார்க்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். நாற்பதைத் தொட்டுவிட்டால் குளத்துக்குத் திரும்பலாம். வீடு வந்த அன்று முப்பது. அடுத்த வாரம் முப்பத்துநான்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்தெட்டோடு நின்றுவிட்டது.

கூடிவந்த எண்ணிக்கை ஏன் இறங்கிற்று? அவள் துணியை உதறி மடித்தாள். மடித்ததை மீண்டும் பிரித்தாள்.

சாடி வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. ஊரின் மறுகோடியில் வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்த ஒரு விதவையிடம் வாங்கியது. வெளியே தெளிந்த கண்ணாடி, அதற்குள் தேன்நிறம், தேனுக்குள் புகைபடிந்த பச்சை என மூன்று படலங்கள் ஒன்றினுள் ஒன்று அமிழ்ந்திருந்தன. ஒரு காலத்தில் பட்டறைகள் போட்டி போட்டு ஊதித்தள்ளிய வகை. இன்று இவ்வளவு பழுதின்றிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. பேரம் பேசத் தயாராகப் போனவளை அந்த அம்மாள் பேசவே விடவில்லை. இவள் முதலில் சொன்ன விலைக்கே தலையாட்டிவிட்டு, ஒரு கையால் மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, மறுகையாலேயே சாடியைக் காகிதத்தில் சுற்றினாள். வீடு முழுதும் தூசி பறந்துகொண்டிருந்ததால் வாங்கப் போனவளுக்கு அது விபரீதமாகத் தோன்றவில்லை.

பழங்கண்ணாடி சேர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செய்தவன் அடிப்புறத்தில் ஊசியால் கீறிய கையெழுத்து, பல்லாண்டு கழுவலில் தேய்ந்து கண்ணுக்குத் தெரியாமற் போயிருக்கும். அப்போது வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று மூச்சுவிட வேண்டும். ஆவி படியும்போது கீறல் மட்டும் தனித்துத் தெரியும். சாடி வந்த அன்று அவளுக்குக் கடும் ஜலதோஷம். வாய்வரை கொண்டுபோனவள், தும்மல் வரவே மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற கணவரிடம் சொன்னாள்:

"டாக்டர்தான் தினம் ஊதச் சொல்லியிருக்காரே, இதுல ஊதுங்களேன். எனக்கும் வேலை ஆகும்."

"ஊதுறது நம்ம பரம்பரைத் தொழிலாச்சேம்மா, நகரு" என்று சிரித்துக்கொண்டே அவர் ஊதினார். கையெழுத்து ஏதும் தெரியவில்லை. ஆனால் படிந்த ஆவி, அவள் தேநீர் போட்டுக் கொண்டுவரும் வரையில் கலையாமல் இருந்தது. வேடிக்கையாக இருக்கவே, அவர் மறுநாளும் ஊதினார். அதன்பின், ஊதிப் பழக மருத்துவமனை தந்த பிளாஸ்டிக் குழாய் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை, சாடிதான்.

ஊதச் சொன்னவள் அவள்.

செவ்வாய்க்கிழமை மாலை கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரிக்குப் போனாள். பேனாப் புள்ளி வைத்த இடத்தில் இருந்தது. குமிழி புள்ளிக்கு மேலே இருந்தது. அகலம் ஆறு.

"இன்னிக்கு எத்தனைங்க?"

"இருபத்திரண்டு. நீ ஏன் வாத்தியாரம்மா மாதிரி மார்க் கேட்கிற? உட்காரு மொதல்ல."

"இனிமே இந்தச் சாடியில ஊத வேண்டாம்."

"ஏன், எச்சில் பட்டா தேஞ்சிடுமா உன் மகாராணி?"

அவள் சாடியைப் பழைய கம்பளியில் சுற்றி, பரண்மேல் இருந்த தகரப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கும்மா நுரையீரல். மனசுல பயம், அவ்வளவுதான்" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த உவமை அவளை முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வந்ததும் பெட்டியைத் திறந்தாள். கம்பளி ஈரமாக இருந்தது. மழையில் நனைந்த ஈரமன்று. உறங்குகிறவனின் தலையணையில் வாய்க்கு நேரே காணும் வெதுவெதுப்பான ஈரம். மருந்தும் இருமல் மிட்டாயும் கலந்த வாடை அதில் வீசிற்று. அவள் கணவருடைய வாயின் வாடை.

குமிழியின் அகலம் ஒன்பது.

உடைத்துவிட வேண்டியதுதான் என்று முதலில் தோன்றிற்று. ஆனால் சேர்ப்பவளின் கை, பழக்கதோஷத்தால், விரிசல் உண்டா என்று பார்ப்பதற்குச் செய்வதுபோல் விளிம்பை நகத்தால் ஒருமுறை சுண்டிற்று. நல்ல கண்ணாடி மணிபோல் நெடுநேரம் ஒலிக்கும். இது ஒலிக்கவே இல்லை. மாறாக அடுத்த அறையில் ஏதோ சரிந்து விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"யாரோ உள்ளுக்குள்ள சுண்டின மாதிரி இருந்துச்சும்மா" என்றார், வியப்போடு.

மறுநாள் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டுச் சாடியைத் துணிப்பையில் வைத்துப் பேருந்து ஏறினாள். வாங்கிய இடத்திலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்பது அவளுடைய எண்ணம். முதல் நிறுத்தம் கடந்தது. இரண்டாவது கடந்தது. மடியில் இருந்த பை வரவரக் கனத்தது. மூன்றாவது நிறுத்தத்தை நெருங்கும்போது கைப்பேசி ஒலித்தது.

"எங்க… போயிட்டே?" ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே அவர் காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். "கயிறு கட்டி… இழுக்கிற மாதிரி… நெஞ்சை… வெளிய…"

"வந்துட்டேன், வந்துட்டேங்க! பேசாதீங்க!"

ஓடும் பேருந்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். எதிர்த்திசை வண்டிக்குக் காத்திராமல், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள், நடை ஓட்டமாயிற்று. வீட்டை நெருங்க நெருங்க, கைப்பேசியில் அவருடைய மூச்சு சிறிது சிறிதாகச் சீரடைவது அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவரைப் படுக்கவைத்தபின் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அம்மாளின் எண்ணை அழைத்தாள். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தார்கள். 

"நான்தாங்க, அந்தத் தேன் கலர் சாடி வாங்கினவ…"

"ஊதிட்டீங்களா?"

அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாரு ஊதினது? நீங்களா?"

"எங்க வீட்டுக்காரர்."

மறுமுனையில் பெருமூச்சு ஒன்று எழுந்தது. "எங்க வீட்லயும் அவர்தான். அவரை மீட்கணும்னா நான் ஊதணும்னு தெரிஞ்சுது. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்காதீங்க, தினம் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா தெரியும். நான் ஊதல. தைரியம் வரல எனக்கு." குரல் தாழ்ந்தது. "திருப்பி மட்டும் கொண்டு வந்துடாதீங்க, தாயி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இணைப்பு அறுந்தது.

அதன்பின் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாடியை அலமாரியின் நடுத்தட்டில் வைத்துவிட்டு, மற்ற கண்ணாடிகளை இடம் மாற்றினாள். கைக்குட்டைபோல் மடிந்த கிண்ணத்தை மேலே வைத்தாள், சாம்பல்நிறப் பறவையைக் கீழே வைத்தாள், மறுபடி மாற்றினாள். மேற்குச் சன்னல்வழியே மாலை வெயில் சாய்வாக நுழைந்து, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சுவர்முழுதும் நிழல்களைப் பரப்பிற்று. அவை அனைத்தும் அசையாமல் கிடந்தன. தேன்நிற நிழல் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சீராக. மெதுவாக. அடுத்த அறையில் படுத்திருப்பவரின் மார்பு ஏறி இறங்க வேண்டிய வேகத்தில்.

"எண்ணுங்க" என்றாள், அவரருகே மண்டியிட்டு.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…" உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. "நாலு…"

ஐந்து வரவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். கேலிசெய்வதற்கென்றே படைக்கப்பட்ட அந்தக் கண்களில் இப்போது கேலி இல்லை. நீரின் அடியிலிருந்து மேலே பார்ப்பவனின் பார்வை அது.

அவள் எழுந்தாள். அலமாரிக்கு ஓடிச் சாடியை எடுத்தாள். சூடாக இருந்தது, இப்போதுதான் உலையிலிருந்து இறக்கியதுபோல். குமிழி விளிம்புவரை வளர்ந்திருந்தது. அடிப்புறத்தை வாயருகே கொண்டுவந்தாள்.

ஊதினாள்.

ஆவி படிந்தது. உள்ளே பெருங்குமிழி நடுங்கிற்று. சுருங்கிற்று. அடுத்த அறையில் யாரோ நீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்ததுபோல ஒரு மூச்சு, நீண்ட, முழுமையான, அழகான மூச்சு! அவள் கண்களில் நீர் வழிந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் ஊதிவிட்டு நிறுத்திவிடலாம்.

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு!" அவர் குரல். பழைய குரல். "அம்மாடி! எங்க இருக்கே? பதினொண்ணு, பன்னெண்டு…"

போதும். நிறுத்தினாள்.

நிற்கவில்லை.

மூச்சு வெளியே போய்க்கொண்டே இருந்தது. உள்ளே இழுக்க முயன்றாள். வழி இல்லை. சாடியைக் கீழே வைக்க முயன்றாள். விரல்கள் விடவில்லை. விலாவெலும்புகள் ஒன்றையொன்று நெருங்கின. பெருங்குமிழி இருந்த இடத்தில் இப்போது வெறும் தேன்நிறம். அதற்குக் கீழே, அடியோரத்தில், கடுகளவில் ஒரு புதுக் குமிழி.

மிளகளவு.

"முப்பத்தொம்போது, நாப்பது! நாப்பதும்மா! கேட்டுதா?" கட்டில் கிரீச்சிட்டது. காலடிகள். திடமான காலடிகள். "நாப்பத்தொண்ணு…"

வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லுக்குக் காற்று வேண்டும்.

வாசலில் அவர் வந்து நின்றார். கன்னத்தில் இரத்தம் ஏறியிருந்தது. சாடியை முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி சன்னலருகே நிற்கும் மனைவி. ஆயிரம் முறை பார்த்த காட்சிதான். சிரித்தார்.

"புருஷன் பொழைச்சு எழுந்து வரான், இவ கையெழுத்துத் தேடறா! கிடைச்சுதா இல்லையா?"

கண்களை அகல விரித்தாள். தலையை அசைக்க முயன்றாள். அசைந்தது. ஒரு மயிரிழை.

"இல்லையா? உன் மூச்சு பத்தாது, தள்ளு."

அருகே வந்தார். தோள்மேல் கை போட்டார். சாடியின் மறுபக்கத்தில், அவள் முகத்துக்கு நேர் எதிரே, தம் முகத்தைக் குனிந்து கொண்டுவந்தார். மார்பு நிறையக் காற்றை இழுத்தார். வாயைத் திறந்தார்.

தேன்நிறக் கண்ணாடியில் வெண்மையாக, வட்டமாக, அவருடைய மூச்சு படர்ந்தது. படர்ந்த ஆவியின்மேல், கண்ணாடியின் உட்புறத்திலிருந்து, இரண்டு உதடுகள் மெல்ல வந்து பதிந்தன.