அஞ்சு, கடைசி

காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தபோது நாங்கள் ஐந்து பேரும் மீட்பு நிலையத்தில் இருந்தோம். நிலையம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது மலைச்சாலை முடிகிற இடத்தில் நிற்கும் இரண்டு அறைத் தகரக் கட்டடம். முன்னறையில் வயர்லெஸ் பெட்டி, ஸ்ட்ரெச்சர், ஆணியில் தொங்கும் மழைக்கோட்டுகள். பின்னறையில் கயிறுகள். எந்த நாளும் நனைந்த சாக்கு வாடை அடிக்கும்.

காட்டுக்குள் வழி தவறியவர்களைத் தேடிக் கொண்டுவருவது எங்கள் வேலை. போன் செய்தவர், முந்தின நாள் படம் எடுக்கப் போன தன் அண்ணன் திரும்பவில்லை என்றார். வழக்கமான கதைதான். பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை. தலைவர் வாத்தியார். அடுத்து வயர்லெஸ், அவருக்கு அடுத்து நர்ஸ் அக்கா. நான்காவது நான், கயிறு. ஐந்தாவது என் மச்சான், மனைவியின் தம்பி. அவனுக்கு லொள்ளு என்று பெயர் வைத்தது வாத்தியார். அவன் வாயைத் திறந்தால் பிணம்கூட எழுந்து சிரிக்கும் என்பார் நர்ஸ் அக்கா. அவர் பார்க்காத பிணமா!

அந்த மலையில் பனிமூட்டம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அதனால் ஒரே கயிற்றில் ஆளுக்கொரு கண்ணி போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்வோம். நூறு அடிக்கு ஒருமுறை வாத்தியார் "எண்ணு" என்பார். அவரே "ஒண்ணு" என்று தொடங்க, ஒவ்வொருவராகத் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஐந்தாவது ஆள் "அஞ்சு, கடைசி" என்று முடிக்க வேண்டும். கடைசி என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் வாத்தியார் அடுத்த அடி வைப்பார். அந்தச் சொல் கேட்டுவிட்டால் அதற்கு மேல் யாருக்காகவும் நிற்க மாட்டார்.

பனிமூட்டத்தில் நடப்பவர்களுக்குப் பின்னால் ஒன்று வரும் என்று மலையடிவாரத்தில் ஒரு பேச்சு உண்டு. உடம்பெல்லாம் ரோமம் என்பார் ஒருவர், மரத்தைவிட உயரம் என்பார் இன்னொருவர். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். லொள்ளு முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு ஆரம்பிப்பான்.

"அதுக்குப் பாதம் பின்பக்கமா திரும்பியிருக்கு சார். முன்னால போக நினைச்சாலும் பின்னாலதான் போகும். ஸ்கூல்ல கூட கடைசி பெஞ்ச். ஹோம்வொர்க் பண்ணாது, பரீட்சைக்கு வராது. ஆனா அட்டெண்டன்ஸ் எடுத்தா மட்டும் முதல் ஆளா உள்ளேன் ஐயா சொல்லும்."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். வாத்தியார் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் மனைவிக்கு இவன் தம்பி மட்டும் இல்லை. ஏழு வயதில் தாயை இழந்தவனைத் தையல் மெஷின் மிதித்து வளர்த்தவள் அவள். அன்று காலையும் வாசலில் நின்று, "அவனைப் பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். தினமும் சொல்வதுதான். நான் பத்திரமாக வருவதைப் பற்றி ஒருநாளும் பேச்சே இருக்காது.

பதினொரு மணிக்குப் பனி இறங்கியது. கயிறு மாட்டினோம். பாசியும் அழுகிய இலையும் சேர்ந்த வாடை. சொட்டுகிற சத்தம் நாலு பக்கமும் கேட்டது.

"எண்ணு" என்றார் வாத்தியார். "ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு" என்றேன்.

"அஞ்சு, கடைசி" என்றான் லொள்ளு. அத்தோடு விட்டிருக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கீச்சுக் குரலில், "ஆறு! உள்ளேன் ஐயா!" என்றான்.

வயர்லெஸ் பக்கென்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்புதான். வாத்தியார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் பின்னால் வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இல்லாதவனுக்கு எண் கொடுக்கக் கூடாதுடா" என்றார் மெதுவாக. "கொடுத்தா அவன் இருக்கான்னு ஆயிடும்."

"சும்மா தமாஷுக்கு, வாத்தியாரே."

அவர் கயிற்றைப் பிடித்தபடி முன்னால் போனார். நூறு அடி நடந்தோம்.

"எண்ணு. ஒண்ணு."

"ரெண்டு." "மூணு." "நாலு."

"அஞ்சு, கடைசி."

வாத்தியார் காலை எடுத்து வைக்கும் முன் அது கேட்டது.

"ஆறு."

அதே கீச்சுக் குரல்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அடங்க மாட்டியா நீ? இரு, வீட்டுக்கு வா, உன் அக்காகிட்ட சொல்றேன்" என்றேன்.

அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தான். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் கிசுகிசுத்தான்.

"மாமா, நான் சொல்லல."

"நடிக்காதே."

"சத்தியமா நான் இல்ல மாமா. என் கையைப் பிடிச்சுக்கோங்க."

இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான். அதுவும் ஒரு லொள்ளு என்று நினைத்தேன். "கயிறு இருக்கில்ல, அதைப் பிடிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் என் இரண்டு கையையும் கொடுப்பேன்.

"எண்ணு. ஒண்ணு."

"ரெண்டு." "மூணு."

"நாலு."

சொட்டுச் சத்தம்.

"ஆறு, கடைசி."

இந்த முறை அது கீச்சுக் குரல் இல்லை. என் மச்சானின் குரல்.

திரும்பிக் கயிற்றை இழுத்தேன். எடை இல்லாமல் வந்தது. ஐந்தாவது கண்ணி போட்டது போட்டபடி இருந்தது. முடிச்சு அவிழவில்லை. உள்ளே ஆள் இல்லை.

படம் எடுக்கப் போனவர் வேறு வழியாக இறங்கி, நண்பர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்று மாலையில் செய்தி வந்தது. அந்த ஆளை அன்று நேரில் பார்த்திருந்தால் அடித்தே கொன்றிருப்பேன்.

எட்டு நாள் தேடினோம். நான் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் மனைவி என் தோளுக்குப் பின்னால் பார்ப்பாள், பிறகு மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

ஒன்பதாம் நாள் கிடைத்தான். நாங்கள் தினமும் தாண்டிப் போன பாறையின் மேல், கையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. ஒன்பது நாளாக மழை, காடே ஊறிக் கிடக்கிறது. அவன் சட்டை காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கீறல்கூட இல்லை என்றார். பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள்.

"ஒன்பது நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"

"வரிசையில நின்னேன்" என்றான். "இடம் கிடைக்கிற வரைக்கும்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பழைய லொள்ளு போகவில்லை என்று மறுநாள் எழுதினார்கள். அவன் சிரிக்கவில்லை என்பதை யாரும் எழுதவில்லை.

வீட்டிலும் சிரிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், போட்டதைச் சாப்பிடுவான். எங்கே போனாலும் கடைசியில் வருவான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், நாம் நுழையும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மனைவியும் அதையே சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு மாதம் கழித்து அவன் வேலைக்கு வந்தான். முதல் வாரமே ஒரு தேடல். பகல் ஒரு மணி. அதே சரிவில் பனி இறங்கியது. கயிறு மாட்டினோம். அவன் கேட்காமலே என் பின்னால் போய் நின்றான்.

"எண்ணு" என்றார் வாத்தியார். "ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

எனக்கு நேர் பின்னால், தெளிவாக:

"ஆறு, கடைசி."

வாத்தியார் கால் எடுத்து வைக்கவில்லை. அத்தனை வருடத்தில் கடைசி என்ற சொல்லுக்குப் பிறகும் அவர் நின்றது அன்றுதான்.

மேலே, வெகு தூரத்தில், பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தொண்டை கட்டிப்போய், ஆனாலும் ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பு மிச்சம் வைத்த குரல்.

"அஞ்சு... மாமா, அஞ்சு..."

அவன் கடைசி என்று சொல்லவில்லை.

கயிற்றை அவிழ்க்கப் போனேன். அப்போது என் உள்ளங்கைக்குள் ஒரு கை நுழைந்தது. ஈரமே இல்லாத கை.

"என் கையைப் பிடிச்சுக்கோங்க, மாமா" என்றது எனக்குப் பின்னால் இருந்தது.

வாத்தியார் எல்லோரையும் கீழே திருப்பினார்; வந்து சேரும்வரை அது விடவில்லை. நான் உதறவும் இல்லை. பயம்தான். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

அன்று சாயங்காலம் மனைவி மெஷினில் அவனுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அவன் பின்னறையில் இருந்தான். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெஷின் சத்தத்துக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"என் தம்பி இந்த வீட்டுல பேசாம சாப்பிட்ட சோறு ஒரு வாய் கிடையாது. தூக்கத்துல கூட உளறுவான். இது தூங்கறதே இல்லைங்க. எப்ப எட்டிப் பார்த்தாலும் கண்ணு திறந்திருக்கு."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவன் செத்துட்டான்னு ஆயிடுமே." துணி மேல் கண்ணீர் விழுந்தது, அதன் மேலேயே தைத்துக்கொண்டு போனாள். "முகமாவது இருக்கட்டும்னு நினைச்சேன். தினம் சோறு போட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "கூப்பிட்டப்ப சிரிச்சானா?" என்றாள்.

"கொஞ்சம்."

மெஷின் நின்றது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப அவன்தான். ரெண்டு மாசமா அங்க நின்னு எண் சொல்லிட்டு இருக்கான், நாம இங்க இதுக்குச் சட்டை தைச்சுட்டு இருக்கோம். காலையில நாம ரெண்டு பேரும் போறோம். இதுக்குத் தெரியக் கூடாது."

விடிந்ததும் எழுந்தோம். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் வெளியே தாழ்ப்பாள் போட்டாள். என்னிடம் இருந்த நல்ல கயிற்றை எடுத்து மூன்று கண்ணி போட்டேன். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, இறங்கும்போது அவனுக்கு ஒன்று. மூன்றாவதை இரண்டு முறை இழுத்துப் பார்த்து முடிச்சை இறுக்கினேன்.

வாசலிலேயே பனி. ஜூன் ஆகட்டும், டிசம்பர் ஆகட்டும், எங்கள் தெருவுக்கு அது இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. எதிர்வீடு தெரியவில்லை. கயிற்றைத் தெருவிலேயே மாட்டிக்கொண்டோம். மிச்சக் கயிறு அவளுக்குப் பின்னால் தரையில் புரண்டு வந்தது.

பத்தடி நடந்திருப்போம்.

"எண்ணுங்க" என்றாள் மனைவி, மெதுவாக. "சத்தமா எண்ணுங்க. அவனுக்குக் கேக்கட்டும்."

"ஒண்ணு" என்றேன்.

"ரெண்டு" என்றாள் அவள்.

மலைப் பக்கம் காதைக் கொடுத்து நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. அப்போது அவளுக்குப் பின்னால் தரையில் புரண்டுகொண்டிருந்த கயிறு விறைத்து மேலே எழும்பியது.

"நீ முன்னால போ அக்கா" என்றது, அவள் வளர்த்த தம்பியின் குரலில். "நான் கடைசில வர்றேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவனுக்காகப் போட்ட மூன்றாவது கண்ணி அதன் இடுப்பில் இருந்தது.