புகைமாயனின் தலை

காலை எட்டரை மணிக்குள் துளசிமணி நாற்பத்தொரு முறை செத்திருந்தாள். திங்கட்கிழமைக்கு அது குறைவுதான். பக்கத்து நாற்காலி ரங்கநாயகி அறுபதைத் தாண்டியிருந்தாள்.

பல்லடம் சாலையில், ஒரு காலத்தில் பனியன் தைத்துக்கொண்டிருந்த நீண்ட கொட்டகையில், இப்போது நாற்பது பேர் சாய்வு நாற்காலிகளில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார்கள். ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் ஓர் உணர்பட்டை ஒட்டியிருக்கும். அவர்களுக்குத் தோற்பாளர்கள் என்று பெயர். 'குதிவீரன்' என்ற விளையாட்டின் ஒன்பதாம் பாகத்தில் எதிரிகளாக நின்று, ஊர் பேர் தெரியாத ஆட்டக்காரர்களிடம் தோற்றுப்போவது அவர்களுடைய உத்தியோகம்.

இதற்குப் போய் மனிதர்களா என்று கேட்கலாம். அந்த நாளில் இயந்திரங்கள் அறுவை சிகிச்சை செய்தன, வழக்காடின, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தன. நம்பும்படியாகத் தோற்க மட்டும் அவற்றுக்கு வரவில்லை. ஒன்று, ஜெயித்துத் தொலைத்தன. இல்லையென்றால் கைக்குழந்தைக்கு விட்டுக்கொடுப்பது போல விட்டுக்கொடுத்தன. ஆட்டக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. எனவே நிறுவனம் ஓசைப்படாமல் ஆட்களை வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் மட்டும் 'எதிரிகள் அனைவரும் முழு இயந்திரம்' என்று போட்டது. உள்ளே ஆள் இருப்பதை ஆட்டக்காரர்களுக்குத் தெரியப்படுத்தினால் வேலை போய்விடும் என்பது ஒப்பந்தத்தின் முதல் வரி.

துளசிமணி ஏற்றிருந்த வேடம் புகைமாயன். ஒன்பது பாகங்களிலும் தவறாமல் வருகிற மந்திரவாதி. ஊதா அங்கி, கூம்புத் தொப்பி, வளைந்த கோல். புகையோடு தோன்றிக் கோலை நீட்டுவான். கோலிலிருந்து பறக்கும் பொறி பட்ட செங்கல் பச்சைக் கண்ணாடியாக மாறும். ஆட்டக்காரன் எகிறி அவன் தலையில் குதித்ததும் புகையாகிப் போவான், அடுத்த சுவருக்கு முன்னால் மறுபடி வந்து நிற்பான். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

இரண்டு தவறு, ஒரு தாவல். கொட்டகையில் புகைமாயன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதி இதுதான். முதலில் இரண்டு பொறிகளை மயிரிழையில் தவறவிட வேண்டும், பிறகு தலையைக் கொடுக்க வேண்டும். தவறவிடுவதில் துளசிமணியை அடிக்க ஆளில்லை. பொறி எந்தச் செங்கல்லில் விழ வேண்டும் என்று நினைக்கிறாளோ அதில் போய் விழும். மண்டையில் விழும் அடியை உணர்பட்டை உள்ளே கடத்தும். வலித்தால்தான் முகம் சரியாகக் கோணும் என்பது நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. அதைக் கண்டுபிடித்தவன் தலையில் ஒருநாளாவது அந்தப் பட்டையை ஒட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அடி ஒன்றோடு போனால் தாங்கிக்கொள்ளலாம். கொம்பன் என்ற பெயரில் தினமும் ஒன்பது மணிக்கு ஒருவன் வருவான். விளையாட்டில் புதியவர்கள் பழகுவதற்காக அரைத்தாவல் என்று ஒன்று உண்டு. அதில் அடி விழும், எதிரி சாகமாட்டான். கொம்பன் அதையே பிடித்துக்கொண்டான். துளசிமணியைச் சுவரோடு சாத்தி, நூறு முறை, நூற்றைம்பது முறை தலையில் குதிப்பான். குதித்துக்கொண்டே வாயில் வந்ததைப் பேசுவான். சாகவும் விடமாட்டான். புகைமாயன்களுக்குப் பதில் பேச வழியில்லை. முன்பே பதிவுசெய்த ஒரு சிரிப்பு மட்டும் உண்டு.

மூன்று மாதத்தில் அவள் தலையில் சீப்பு வைக்க முடியாமல் போயிற்று. முடியே பாரமாக வலித்தது. மொட்டையடித்துக்கொண்டாள். பார்த்தவர்கள் பழனி வேண்டுதலா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்தாள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் தன் தலை தனக்கு உதவாது என்று அவளுக்குத் தெரிந்தது.

மேற்பார்வையாளர் சென்னியப்பனிடம் முறையிட்டாள். அவர் கெட்டவர் அல்ல. தேநீர் வாங்கிக் கொடுத்து, ஆட்டக்காரரைத் தடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினார். பிறகு ஆறுதலுக்காக ஒன்று சொன்னார்.

"மனசுல வச்சுக்காதீங்கம்மா. அவன் மெசின்னு நெனச்சுத்தான் மிதிக்கறான். உள்ள ஒரு ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சா எவனாச்சும் மிதிப்பானுங்களா?"

அந்த வார்த்தையைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை நாற்காலியில் சாயும்போதே முடிவு செய்திருந்தாள். வேலை போனால் போகட்டும்.

ஒன்பது மணிக்குக் கொம்பன் வந்தான், சுவரோடு சாத்தினான், குதிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு குதிப்புக்கும் இரண்டு பொறி தவறவிடுவது அவளுக்கு விதிப்படி உரிமை. தவறவிட்டாள். எதிர்ச்சுவரில் ஒரு செங்கல் பச்சையானது, அதற்குக் கீழே இன்னொன்று. ஒவ்வொரு அடிக்கும் கண் இருட்டியது, ஆனாலும் ஒரு கல் பிசகவில்லை. தொண்ணூறாவது குதிப்பில் சுவரில் எழுத்து முழுசாக நின்றது: 'நான் மனுசி'.

கொம்பன் திரும்பிப் பார்த்தான். குதிப்பதை நிறுத்தினான். சுவர் அருகே போய் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தான். பிறகு அவளைத் தொடாமல் வெளியேறினான். துளசிமணி பட்டையைக் கழற்றிவிட்டு அழுதாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கோபம் இல்லாமல் அழுதாள்.

மூன்று நாள் அவன் வரவில்லை. வேலையும் போகவில்லை. நான்காம் நாள் சென்னியப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கொம்பன் அந்தச் சுவரைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தான். அவளுடைய சுவருக்கு முன்னால் பதினோராயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். நிறுவனம் மகிழ்ச்சியில் மிதந்தது. ஒப்பந்தத்தின் முதல் வரியை அடித்துவிட்டார்கள். இனி எல்லாப் புகைமாயன்களும் 'நான் மனுசி', 'நான் மனுசன்' என்று எழுதிவிட்டுத்தான் தலையைக் கொடுக்க வேண்டும். பேசவும் வழி திறந்துவிட்டார்களாம்.

"தெரிஞ்சா மிதிப்பானுங்களான்னு கேட்டீங்களே," என்றாள் துளசிமணி. "கேட்டீங்களா இல்லீங்களா?"

சென்னியப்பன் தேநீர் வாங்கி வரப் போனார்.

வரிசையில் முதல் ஆள் கொம்பன்தான். வலிக்கிறதா என்று விசாரித்தான், அக்கறையாகவே விசாரித்தான். வலிக்கிறது என்று சொன்னாள். "டேய், வலிக்குதாம்டா!" என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டே எகிறினான்.

இரண்டு மாதத்தில் வேறு நிறுவனங்களின் விளையாட்டுகளில் இயந்திர எதிரிகளும் அதே வாசகத்தை எழுத ஆரம்பித்தன. உடனே புகார்கள் குவிந்தன. தோற்பாளர்களுக்காக ஒரு புகார்கூட இல்லை. ஆள் என்று நம்பி ஆசையாக மிதித்தது கடைசியில் இயந்திரமாகப் போய்விட்டதே, இது மோசடி இல்லையா என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இன்னொரு கூட்டம் கிளம்பியது. வாயில்லாத இயந்திரத்தைக் காரணமில்லாமல் மிதிப்பது நாகரிகமா என்று கேட்டு, அவற்றுக்காகச் சங்கம் ஆரம்பித்தது. கொம்பன் அதில் உறுப்பினரானான்.

ஆகவே அவன் இப்போது கேட்டுவிட்டுத்தான் குதிப்பான். ஒருநாள், வழக்கம்போலச் சுவரில் எழுத்தைப் பார்த்துவிட்டு, துளசிமணி முன்னால் வந்து நின்றான்.

"உண்மையைச் சொல்லு. நீ நிஜமா ஆளா, இல்ல மெசினா?"

துளசிமணிக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. தொண்ணூறு அடி வாங்கிக்கொண்டு கல் கல்லாக எழுதிய வார்த்தை எதிர்ச்சுவரில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, உணர்ச்சி இல்லாத குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் இயந்திரம்."

கொம்பன் பதறிப்போனான். இரண்டடி பின்னால் நகர்ந்து தன் தொப்பியைக் கழற்றினான்.

"அடடா, மன்னிச்சுக்கோங்க. தெரியாம வந்துட்டேன்," என்றான். வாழ்நாளில் அவளிடம் அவன் பேசிய முதல் மரியாதையான பேச்சு அதுதான். அவள் அங்கிகூடத் தன்மேல் படாதபடி ஒதுங்கி, சுவர் ஓரமாக நடந்து போனான்.

துளசிமணி கண்ணைத் திறந்தாள். தலை வலிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் ரங்கநாயகி, "ஆமாங்க, ஆளுதானுங்க," என்று யாருக்கோ பதில் சொல்லிவிட்டு, இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.