சல்லடை விடாத பெயர்

“ஏ …, சாம்பார் வாளிய இங்கிட்டு தள்ளு” என்றாள் ஜெசிந்தா.

தாமிரா தள்ளிவிட்டாள். ‘ஏ’வுக்கும் சாம்பாருக்கும் நடுவில் ஒரு துளி மௌனம் இருந்தது, கண் சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்தில் ஜெசிந்தா இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த எல்லார் காதிலும் அது விழுந்தது. தாமிராவின் காதில் மட்டும் விழவில்லை. அவள் இந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து இதே கதைதான். அந்த ஒரு துளி மௌனம்தான் அவளுடைய பட்டப்பெயர்.

காரணம், காதுக்குப் பின்னால் வெந்தயம் அளவுக்கு ஒட்டியிருந்த செவிச்சல்லடை. பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் மாணவர், ஆசிரியர், சமையல்காரர் எல்லாரும் அதை ஒட்டிக்கொண்டே ஆகவேண்டும். யாராவது ஒரு சொல்லைச் சொன்னால் சல்லடை அதில் ஒரு பொடித் துணுக்கை மட்டும், கேட்டதே தெரியாத அளவுக்கு, உள்ளே விட்டுப் பார்க்கும். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. காதோர நரம்பு சுரீரென்று துடித்தால் இந்தச் சொல் இந்த ஆளுக்கு வலிக்கும் என்று அர்த்தம். உடனே எதிர் அலையை அனுப்பி அந்தச் சொல்லை அழித்துவிடும். துடிக்காவிட்டால் சொல் முழுசாக உள்ளே போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

இது வந்தால் பள்ளிகளில் கேலியே இருக்காது என்று எல்லாரும் நம்பினார்கள். போடிக்குப் பக்கத்தில், ஏலக்காய் மலைக்கு அடியில் இருந்த இந்தச் சின்ன மலையடிப் பள்ளியில் நடந்ததோ வேறு. பிள்ளைகள் யோசித்தார்கள். எப்படியும் வலிக்கிறவரை காதில் விழாது, அப்புறம் பேர் வைப்பதற்கு என்ன பயம்? ஆளாளுக்குப் பெயர் வைத்தார்கள். பெயர் சொல்லும்போது, கேட்காத ஆள் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாளாக நாளாக அந்தச் சொல்லின் முள் மழுங்கும். ஒருநாள் சல்லடை அதை உள்ளே விட்டுவிடும். தன் பெயரைத் தானே முதல்முதலாகக் கேட்கும் அந்த நாளுக்குக் ‘காதுதிறப்பு’ என்று பெயர். அன்றைக்குச் சமையல் செய்யும் பாண்டியம்மா அக்கா பள்ளிக்கூடம் முழுசுக்கும் பாயசம் வைப்பார்.

எழுதிக் காட்டக் கூடாது. சல்லடையைக் கழற்றிக் கேட்கக் கூடாது. இரண்டுமே கள்ளாட்டம். “எழுதிக் குடுத்தா அது வெறும் தகவல்டி, பேரு இல்ல” என்று ஜெசிந்தா முதல் வாரமே சொல்லிவிட்டாள். அவள் பெயர் ஜெனரேட்டர். சிரிக்க ஆரம்பித்தால் இரண்டு தடவை இருமி, அப்புறம் பிடித்துக்கொண்டு ஓடும். நிறுத்த ஆள் வேண்டும். வழிபாட்டுப் பாட்டில் கொட்டாவி விட்ட ஆறாம் வகுப்புப் பையன் கொட்டாவி. அவனுக்கே போன மாதம் காது திறந்துவிட்டது. பாயச டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவன் கூடத்தைச் சுற்றி ஓடியதைப் பார்த்துத் தாமிராவும் கைதட்டினாள். தட்டிவிட்டுத் தட்டு கழுவப் போகிற சாக்கில் வெளியே போய் நின்றுகொண்டாள்.

அவளுக்கு என்ன பெயராக இருக்கும்? பல்லுக்குப் போட்டிருக்கும் கம்பியா? சென்னைப் பேச்சா? கண்ணாடி முன்னால் நின்று கம்பிப்பல்லி, முள்ளுக்கரண்டி என்று தன்னைத்தானே திட்டிப் பழகிப் பார்த்தாள். அடுத்த நாளும் அதே மௌனம். அப்படியானால் இதையெல்லாம்விட மோசமான ஒன்று. இத்தனை மாதமாகியும் முள் மழுங்காத ஒன்று. நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு சங்கதியும் இருந்தது. அம்மாவுக்கு மலைத்தோட்டத்துக்கு மேலே பறந்து காவல் காக்கும் பறவைப்பொறிகளைப் பழுது பார்க்கும் வேலை கிடைத்ததால்தான் அவர்கள் இங்கே வந்தார்கள். சென்னையில் அவள் படித்த பள்ளி அவளுடைய இடத்தை அரையாண்டுவரை வைத்திருந்தது. வேண்டுமானால் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல் என்று அம்மா சொல்லியிருந்தார். அந்தப் பள்ளியில் நாலாயிரம் பேர். அங்கே யாருக்கும் அவள் பெயர் தெரியாது. இங்கே எல்லாருக்கும் தெரியும், அவளைத் தவிர. எது பரவாயில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆதிரன் சார் வந்து சேர்ந்தார்.

புதுக் கணக்கு ஆசிரியர். கல்லூரி வாடையே போகாத ஆள். திங்கள்கிழமை காலையில் வாசலில் ஓர் அம்மா சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். ஆதிரன் சார் தன் தோள்பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, “செத்த பிடிங்கம்மா, சட்டைய உள்ள விட்டுக்கிறேன்” என்றார். விட்டுக்கொண்டார். தலையும் வாரிக்கொண்டார். அந்த அம்மா பொறுமையாகப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் பள்ளியின் தாளாளர் வர்ஷினி மேடம்.

முதல் மணி அடிப்பதற்குள் ஆதிரன் சார் ‘பை சார்’ ஆகிவிட்டார்.

வர்ஷினி மேடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த வட்டாரத்திலேயே முதலில் சல்லடையைக் கொண்டுவந்தவர் அவர்தான். நல்ல மனுஷி. பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது. “பிள்ளைகளா, நல்லா படிக்கணும், படிச்சா போதாது, பழகணும், பழகுறதுன்னா என்ன,” என்று காலை வழிபாட்டில் வெயில் ஏறும்வரை போகும், முற்றுப்புள்ளியே வராது. அதனால் அவர் கமா மேடம். சல்லடை இருக்கிற தைரியத்தில் பாண்டியம்மா அக்காகூட வாயைப் பொத்திக்கொண்டு, “கமா மேடம், உப்பு பத்துமா பாருங்க” என்று முகத்துக்கு நேராகவே கேட்பார். மேடத்தின் காதில் ஒரு துளி மௌனமும் அதன் பிறகு ‘மேடம்’ என்பதும் மட்டும் விழும். அவர் அதற்கு வேறு அர்த்தம் வைத்திருந்தார். வருகிற விருந்தினரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்: எங்கள் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் வாய் பொத்தி ஒரு நொடி நிற்பார்கள், இந்த மரியாதையை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

அன்று மதியம் தட்டு கழுவும் குழாயடியில் ஆதிரன் சார் தாமிராவுக்குப் பக்கத்தில் நின்று சீட்டியடித்துக்கொண்டே தட்டைத் தேய்த்தார். இங்கே அவரவர் தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும், தாளாளர் உட்பட.

“பாத்தியா, வந்த அன்னைக்கே பேரு வச்சுட்டாங்க. பை சாராம். கணக்கு வாத்தியாருக்கு இதவிட என்ன வேணும்? மூணு புள்ளி ஒண்ணு நாலு.”

அவருக்குக் காது திறந்துவிட்டது. வட்டத்தின் பை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைப்பில் வலி இல்லை, சல்லடை விட்டுவிட்டது. காலையில் வந்தவருக்கு மதியமே கிடைத்துவிட்டது. உள்ளே பாண்டியம்மா அக்கா சேமியாவை வறுக்கிற வாசனை வேறு வந்தது. தாமிராவுக்கு வயிறு எரிந்தது.

“சார், அது அந்தப் பை இல்ல.”

“எந்தப் பை?”

“கணக்குல வர்ற பை இல்ல சார். காலையில மேடம் கையில குடுத்தீங்கல்ல, அந்தப் பை.”

சீட்டி நின்றது. குழாய்த் தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. “அவங்க மேடமா?” என்றார். அன்று காலை வழிபாடும் இல்லை, யாருமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி குறுக்கே ஓடிவந்து, அவருக்குத்தான் காது திறந்துவிட்டதே என்ற நம்பிக்கையில் வாயைப் பொத்தாமல், “… சார், அந்த டம்ளர எடுங்க” என்றான்.

ஆதிரன் சார் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். “இப்ப என்னமோ சொன்னான், கேக்கல” என்றார் மெதுவாக. கழுவிய தட்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

திறந்த காது மூடியதை அந்தப் பள்ளி அதுவரை பார்த்ததில்லை. பாயசம் நின்றுபோனது. வறுத்த சேமியாவைப் பாண்டியம்மா அக்கா டப்பாவில் போட்டு மூடி வைத்தார். அடுத்த நாளிலிருந்து ஆதிரன் சார் சாப்பாட்டை ஆசிரியர் அறைக்கே எடுத்துப் போனார். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தே பேசினார். யார் சொல்லிக் கெடுத்தது என்று ஜெசிந்தா துருவித் துருவிக் கேட்டாள். தாமிரா வாயைத் திறக்கவில்லை. தான் எதற்காக ஏங்கினாளோ, அதையே இன்னொருவர் கையிலிருந்து தட்டிவிட்டாள். இனிமேல் எந்த முகத்தோடு இங்கே இருப்பது? வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவுக்குச் ‘சென்னைக்கே போகிறேன்’ என்று செய்தி எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது.

மதியம் ஆசிரியர் அறைக்குப் போனாள். ஆதிரன் சார் தனியாக உட்கார்ந்து தயிர்ச்சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

“சார், வேணும்னேதான் சொன்னேன். எனக்கு இன்னும் காது திறக்கல. உங்களுக்கு ஒரே நாள்ல கெடச்சுருச்சுன்னு பொறாம.”

அவர் கோபப்படவில்லை. விடும்மா, உள்ளதைத்தானே சொன்னாய் என்றார். ஆனால் கண்ணை மூடினால் அந்த அம்மா பையோடு நிற்பதே தெரிகிறது என்றும், தலை வேறு வாரிக்கொண்டேனே என்றும் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கத் தாமிராவுக்குத் தாங்கவில்லை. அவர் கையில் பதிலுக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“இதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார். நான் வந்த அன்னைக்கு என்ன பண்ணேன் தெரியுமா? ஒம்பதாங் கிளாஸுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டேன். ஜெசிந்தா அங்கிட்டுன்னு கை காட்டினா. நான் நல்லா சத்தமா, லிஃப்ட் எங்க இருக்குன்னு கேட்டுட்டேன்.”

ஆதிரன் சார் நிமிர்ந்து மேலே பார்த்தார். ஓட்டுக் கூரை. இந்தப் பள்ளியில் மாடி என்று ஒன்றே கிடையாது.

“என் பழைய ஸ்கூல்ல பதினாலு மாடி சார். வாய் தானா கேட்டுருச்சு. வராண்டா பூரா சிரிச்சுது. நான் பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன்.”

அவர் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. தயிர்ச்சோறு புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, “லிஃப்ட்டு வந்திருந்தா எங்க எறங்கியிருப்ப?” என்றார்.

“மேல நிக்கிற தண்ணித் தொட்டியிலதான் சார்” என்றாள் தாமிரா. சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. தொட்டிக்குள்ளிருந்து சொட்டச் சொட்ட நனைந்து, பையோடு இறங்கிவருகிற தன்னை நினைத்துப் பார்த்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். இத்தனை நாளும் அந்தக் காட்சியை அவள் பாத்ரூம் கதவுக்குப் பின்னாலிருந்தே பார்த்து வந்திருந்தாள். இப்போதுதான் வராண்டாவில் நின்று பார்த்தாள்.

இரண்டு பேரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் ஜெசிந்தா வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு குரல் கொடுத்தாள்.

“ஏ லிஃப்ட்டு, சீக்கிரம் வா, ரசம் முடியப் போவுது.”

“வர்றேன்டி” என்று தாமிரா இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள்.

கூடமே நின்றது. கொட்டாவி வாயில் வைத்த அப்பளத்தைக் கடிக்காமல் பார்த்தான்.

“இப்ப என்னன்னு கூப்ட்ட?”

ஜெசிந்தா வாயிலிருந்து கையை எடுத்தாள். “லிஃப்ட்டு” என்றாள். இரண்டு தடவை இருமினாள். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

அப்புறம் யார் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் லிஃப்ட்டு, லிஃப்ட்டு என்றார்கள். இதுதானா என்று தாமிரா கேட்டுக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சின்னப் பெயருக்கா இத்தனை மாதம்? கூச்சலுக்கு நடுவே யாரோ “பை சாருக்கும் ரசம் ஊத்துங்கப்பா” என்றார்கள். ஆதிரன் சார் சட்டென்று திரும்பி, “கேட்டுருச்சு” என்றார். “தோள்ல மாட்டுற பைதான், தெரியும். கேட்டுருச்சு.” பாண்டியம்மா அக்கா சேமியா டப்பாவைத் திறக்கப் போனார். தாமிரா எழுதி வைத்திருந்த செய்தியை அழித்துவிட்டு, ‘அம்மா, எனக்கு லிஃப்ட் வேணாம், இங்கயே இருக்கேன்’ என்று அனுப்பினாள்.

பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டு வர்ஷினி மேடம் வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். லிஃப்ட்டுக்குச் சிரித்தார். பைக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார். அது என்ன கனம் கனத்தது, உள்ளே என்ன செங்கலா என்று ஆதிரன் சாரைக் கேட்டார். டம்ளரை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு பாயசத்தைப் பார்த்துக்கொண்டே, பாதி விளையாட்டாகத்தான் சொன்னார்.

“எல்லாருக்கும் பேரு இருக்கு. எனக்கு மட்டும் வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல, இல்ல?”

யாரும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேடத்தின் முகத்தில் இருந்ததைத் தாமிராவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை மாதமாகக் கண்ணாடியில் பார்த்த முகம் அது. அவள்தான் முதலில் கையைத் தூக்கி வாயைப் பொத்தினாள். ஜெசிந்தா பொத்தினாள். கொட்டாவி, ஆதிரன் சார், கரண்டியோடு நின்ற பாண்டியம்மா அக்கா, எல்லாரும்.

“கமா மேடம்” என்றார்கள் ஒரே குரலில்.

வர்ஷினி மேடத்தின் காதில் ஒரு துளி மௌனம் விழுந்தது. அப்புறம் ‘மேடம்’.

அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். இத்தனை வருடமும் விருந்தினரிடம் காட்டிப் பெருமைப்பட்ட கைகள். டம்ளர் அவர் மடியில் லேசாகச் சாய்ந்தது. “எல்லாருமா?” என்றார். “பாண்டியம்மா, நீயுமா?” பாண்டியம்மா அக்கா கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மேடத்தின் விரல் தானாகக் காதுக்குப் பின்னால் போனது.

“கழட்டாதீங்க மேடம்” என்றாள் தாமிரா. “கள்ளாட்டம்.”

விரல் இறங்கியது. வர்ஷினி மேடம் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். பேச்சுதான் வரப்போகிறது, இன்றைக்கு ஐந்தாவது பீரியட் போச்சு என்று பிள்ளைகள் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

“பிள்ளைகளா, நான் என்ன சொல்ல வர்றேன்னா,” என்று தொடங்கினார்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிறகு மறுபடி உட்கார்ந்து, முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதை அவர்கள் பக்கம் கொடுத்தார்.

“எங்க, இன்னொரு தடவ கூப்புடுங்க.”